நியூட்ரிஷன்: உணவு உடலாவதைச் சொல்லும் சொல்

பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம், குழந்தைகளுக்கான சத்துமாவு டப்பா, மருத்துவமனையின் துறைப் பெயர்ப் பலகை, உர மூட்டை, அரசின் திட்ட அறிக்கை என ஒன்றோடொன்று தொடர்பில்லாததுபோலத் தோன்றும் பல இடங்களில் 'நியூட்ரிஷன்' என்னும் ஆங்கிலச் சொல் காணப்படுகிறது. இதைப் பேச்சில் 'சத்து' என்கிறோம். பாடநூல்கள் 'ஊட்டம்' என்றும் 'ஊட்டச்சத்து' என்றும் எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'போசணை' என்றும், அங்குள்ள நாளிதழ்களில் 'போசாக்கு' என்றும் காண்கிறோம். இவை அனைத்தும் ஏதோ ஓரிடத்தில் பொருந்தக்கூடியவையே. ஆயினும் இச்சொல்லின் முதற்பொருள் ஒரு செயலைக் குறிப்பது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உயிருள்ள ஒன்று தனக்கு வேண்டிய பொருள்களை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றைச் சிதைத்து, உறிஞ்சி, தன் வளர்ச்சிக்கும் ஆற்றலுக்கும் தேய்மானத்தைச் சரிசெய்வதற்கும் பயன்படுத்திக்கொள்ளும் முழு வேலைக்கும் நியூட்ரிஷன் என்று பெயர். அந்த வேலையை ஆராயும் அறிவியல் துறைக்கும் அதே பெயர் வழங்குகிறது. உணவில் உள்ள சத்தின் அளவைக் குறிப்பது இவற்றுக்குப் பின் வந்த தளர்வான வழக்கு. கடைகளிலும் விளம்பரங்களிலும் நாம் பெரும்பாலும் சந்திப்பது இந்த மூன்றாவது பொருளையே.

சொல்லின் பிறப்பு அதன் முதற்பொருளை நன்றாகவே காட்டுகிறது. லத்தீனில் 'நூட்ரீரே' என்னும் வினைக்குப் பாலூட்டுதல், ஊட்டி வளர்த்தல் என்று பொருள். அதிலிருந்து கிளைத்தவையே நியூட்ரிஷன், நியூட்ரியன்ட், நர்ச்சர், நரிஷ் ஆகிய ஆங்கிலச் சொற்கள். 'நர்ஸ்' என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கும் பெண்ணை முதலில் குறித்து, பின்னாளில் நோயாளியைப் பேணுபவருக்கு உரிய பெயராயிற்று. தமிழிலும் சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்த செவிலித்தாயின் பெயரே இன்று மருத்துவமனைச் செவிலியருக்கு வழங்குகிறது என்பதை எண்ணும்போது, இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பளிக்கிறது. 'ஊட்டம்' என்னும் நம் சொல்லும் 'ஊட்டு' என்னும் வினையிலிருந்து பிறந்ததாதலால், நியூட்ரிஷன் என்பதற்கு அதைவிட நெருக்கமான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது.

நரிஷ்மென்ட் என்பதும் நியூட்ரிஷன் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை என்றாலும், இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாக வருவதில்லை. நரிஷ்மென்ட் பொதுவழக்குச் சொல். உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் உறவுகளுக்கும் கிடைக்கும் ஊட்டத்தையும் அது குறிக்கும். நியூட்ரிஷன் அறிவியலுக்குரிய, அளந்து பேசும் சொல். தலைமுடி எண்ணெய், ஷாம்பு ஆகியவற்றின் விளம்பரங்களில் 'நரிஷ்' என்னும் சொல் மிகுதியாக வருவதற்குக் காரணம் அதன் இந்த நெகிழ்ச்சிதான். வெளியில் தெரியும் முடி உயிரற்ற இழை. முடியின் வேருக்குரிய ஊட்டம் இரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. மேலே தடவும் பொருள் முடியை மென்மையாக்கலாம், பளபளப்பாக்கலாம். அறிவியற்பொருளில் அதற்கு நியூட்ரிஷன் என்னும் சொல் பொருந்தாது.

தொடக்கநிலையில் கற்பவர்கள் உணவு, நியூட்ரியன்ட், நியூட்ரிஷன் ஆகிய மூன்றையும் பிரித்தறிந்துவிட்டால் பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும். சோறும் சாம்பாரும் கீரைக் கூட்டும் உணவு. அவற்றினுள் இருக்கும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்துகள் (வைட்டமின்கள்), தாதுக்கள், நீர் ஆகியவை நியூட்ரியன்ட்கள், அதாவது ஊட்டப்பொருள்கள். அவற்றை உடல் எடுத்துப் பயன்படுத்தும் வேலை நியூட்ரிஷன். மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரியும், கொழுப்பு 9 கிலோகலோரியும் ஆற்றல் தருகின்றன. உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் ஆற்றல் தருவதில்லை. ஆனால் அவை இல்லாமல் அந்த ஆற்றலை உடலால் பயன்படுத்தவும் இயலாது. மனிதருக்கு இன்றியமையாதவை என ஏற்கப்பட்டுள்ள உயிர்ச்சத்துகள் 13. நார்ச்சத்தின் பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நொதிக்கச் செய்கின்றன.

தட்டில் உள்ள நியூட்ரியன்ட் முழுவதும் உடலின் நியூட்ரிஷனாக மாறிவிடுவதில்லை. இதைக் கீரையில் உள்ள இரும்புச்சத்தைக் கொண்டு விளக்கலாம். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ள இரும்பைப் போல எளிதாகக் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. அதே வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உறிஞ்சுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் பொருள்கள் இரும்பில் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொண்டு, அது உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. ஆகவே ஒரே கீரையை ஒரே அளவில் உண்ணும் இருவரில், ஒருவர் எலுமிச்சை பிழிந்துகொண்டும் மற்றவர் உடனே தேநீர் அருந்தியும் பழகியிருந்தால், உணவு அட்டவணைப்படி இருவரும் ஒரே அளவு இரும்பு உண்டவர்களாவர். உடலின் கணக்கில் அவர்கள் வேறுவேறு அளவு பெற்றவர்களாவர். அவர்களுள் ஒருவரின் குடலில் கொக்கிப்புழு இருந்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். அப்புழு குடற்சுவரிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுவதால், உண்ட இரும்பைவிட இழக்கும் இரும்பு மிகுதியாகலாம். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை என்பதால், கேரட்டையும் கீரையையும் சிறிதளவு எண்ணெயோடு சமைக்கும் வழக்கம் அவற்றை உடலில் சேர்க்கிறது. பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்க வைப்பதும், தாதுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருளைக் குறைக்கின்றன. நம் சமையலறைப் பழக்கங்களில் பல இப்படி நியூட்ரிஷனுக்குத் துணைசெய்பவையாக இருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

வயிறு நிறைவதும் ஊட்டம் பெறுவதும் வேறுவேறு என்னும் அறிவு மருத்துவ உலகில் நிலைபெற்றதில் அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு. 1890களில் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், இன்றைய ஜகார்த்தா நகரில், கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளரச்செய்யும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால்கள் செயலிழந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றபோது தேறிவிடுவதையும் அவர் கண்டார். கோழிகள் பட்டினி கிடக்கவில்லை. அவற்றின் இரைப்பை நிறைந்தே இருந்தது. தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று, மிகச் சிறிய அளவில் தேவைப்படும் ஒன்று, அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய பொருள்களுக்கு 1912-இல் போலந்தில் பிறந்த உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்னும் பெயரை அளித்தார். தவிட்டில் இருந்த அந்தப் பொருளை இன்று தயமின் அல்லது வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே நோயை ஆராய்வதற்காக 1918-இல் நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில், பாஸ்டர் நிறுவன வளாகத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் நியூட்ரிஷன் என்னும் துறை பிறந்த இடம் என்று குன்னூரைச் சொல்வதில் தவறில்லை. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாபிச் சீக்கியரின் உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே மிகுதியாக இருந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. இந்த ஆய்வை அரிசியின் மீதான பழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரிசி எப்படிப் பதப்படுத்தப்பட்டது, அதனோடு வேறு என்ன உண்ணப்பட்டது என்பனவே வேறுபாட்டை உண்டாக்கின. நெல்லை ஊறவைத்து வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசியை உண்ட வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி காணப்பட்டதற்கும், புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிதாக இருந்ததற்கும் காரணம் இதுவே.

குன்னூர் ஆய்வகம் பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. மெக்காரிசனுக்குப் பின் அதன் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டின் காலத்தில் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை முதன்முறையாகத் தொகுக்கப்பட்டது. சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன் பின்னாளில் அதன் இயக்குநராக இருந்து, இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று போற்றப்பட்டார். ஒரு நூற்றாண்டு கடந்து வாழ்ந்து 2019-இல் மறைந்த அவரைத் தமிழ் மாணவர்கள் இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நியூட்ரிஷன் என்பதன் முன்னால் 'மால்' என்னும் முன்னொட்டு சேர்ந்தால் 'மால்நியூட்ரிஷன்' ஆகிறது. அம்முன்னொட்டுக்குக் கெட்ட, பிழையான என்று பொருள். தமிழில் இதை 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது பொருளின் பாதியையே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இச்சொல்லால் ஆற்றலோ ஊட்டப்பொருளோ குறைவது, மிகுவது, சமநிலை தவறுவது ஆகிய மூன்றையும் குறிக்கிறது. உடல் மெலிந்த குழந்தையும், வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தையும், எடை மிகுந்திருந்தும் இரத்தசோகையுள்ள பெண்ணும் இதனுள் அடங்குவர். குறைவை மட்டும் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'அண்டர்நியூட்ரிஷன்' என்னும் தனிச்சொல் இருக்கிறது. ஆகவே மால்நியூட்ரிஷனுக்கு 'ஊட்டக்கேடு' என்பதே பொருத்தமான தமிழாகும்.

ஊட்டக்கேட்டின் காரணம் உணவுப் பற்றாக்குறை மட்டுமன்று என்பதை 'குவாஷியோர்கர்' என்னும் நோயின் பெயரே கூறுகிறது. இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1930களில் அப்பெயரை அங்குள்ள கா மொழியிலிருந்து மருத்துவ நூல்களுக்குக் கொண்டுவந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அக்குழந்தைக்கு மக்காச்சோளக் கஞ்சி கிடைத்தது; ஆனால் பால் கொடுத்த புரதத்துக்கு அக்கஞ்சி ஈடாகவில்லை. கால்களும் முகமும் நீர்கோத்து வீங்குவதால், பார்ப்பவர் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகவே எண்ணிவிடக்கூடும். கா மொழி பேசிய தாய்மார்கள் ஒரு பெயரிலேயே நோயின் காரணத்தை அடக்கி வைத்திருந்தார்கள். அதைக் காதுகொடுத்துக் கேட்டது வில்லியம்ஸின் பெருமை.

அரசின் மொழியிலும் இச்சொல்லுக்கு உறுதியான இடம் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, மக்களின் ஊட்டநிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவதையும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதையும் அரசு தன் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கருத வேண்டும் என்கிறது. உணவு வழங்குவது என்று அது சொல்லவில்லை. ஊட்டநிலையை உயர்த்துவது என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய 'சத்துணவுத் திட்டம்' இச்சொல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சென்றது. அதைவிடக் குறைவாக அறியப்பட்ட ஒன்று, உலக வங்கியின் கடனுதவியோடு 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அத்திட்டத்தில் 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்து, எடை மீண்டும் ஏறத் தொடங்கியதும் நிறுத்தினர். எவ்வளவு உணவு கொடுத்தோம் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிராமல், கொடுத்த உணவு குழந்தையின் உடலாக மாறுகிறதா என்று தராசின் வழியாகக் கேட்ட திட்டம் அது. நியூட்ரிஷன் ஒரு செயல் என்னும் கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிர்வாக எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் இச்சொல் மேலும் விரிவு பெறுகிறது. விழுங்க முடியாத நோயாளிக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயில் நீர்ம உணவு செலுத்துவதை 'என்டரல் நியூட்ரிஷன்' என்பர். குடலே வேலைசெய்யாத நிலையில் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உயிர்ச்சத்து, தாது ஆகியவற்றை நேரடியாக இரத்தக்குழாயில் செலுத்துவது 'பேரன்டரல் நியூட்ரிஷன்'. இரண்டாவதில் வாயில்லை, சுவையில்லை, செரிமானமில்லை. நம் வழக்கில் உணவு என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. இருந்தும் உடல் ஊட்டம் பெறுகிறது. உறவினர்கள் பலர் சாதாரண குளுக்கோஸ் பாட்டிலையும் இதையும் ஒன்றென எண்ணிவிடுகின்றனர். 5 விழுக்காட்டுக் கரைசலுள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 100 கிலோகலோரிக்கு மேற்படாது. அது நீரிழப்பைத் தணிக்கும். ஒரு நாளைய உணவின் இடத்தை நிரப்பாது.

தாவரங்களுக்கும் நியூட்ரிஷன் உண்டு. அவை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும், மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் எடுத்து, சூரிய ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே உருவாக்குகின்றன. பள்ளிப் பாடத்தில் இதைத் தற்சார்பு உணவூட்டம் என்று படிக்கிறோம். உர மூட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் மூன்று எண்கள் தழை, மணி, சாம்பல் ஆகிய சத்துகளின் விழுக்காட்டைக் குறிக்கின்றன. ஊட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ட்ரோஃபே' அறிவியற்சொற்கள் பலவற்றில் ஒளிந்திருக்கிறது. தசை மெலிந்துபோவதைக் குறிக்கும் 'அட்ரோஃபி' அதிலிருந்து வந்தது. வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏரியில் வந்து சேர, பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி, அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிவதைக் குறிக்கும் 'யூட்ரோஃபிகேஷன்' என்பதும் அதிலிருந்தே வந்தது. ஏரிக்கும் ஊட்டம் மிகுந்து கேடு வரும்.

ஆங்கிலத்தில் இச்சொல்லைப் பயன்படுத்த விரும்புவோர் ஓரிரு இலக்கணச் செய்திகளை அறிந்திருப்பது நல்லது. நியூட்ரிஷன் பொதுவாகப் பன்மை ஏற்பதில்லை. 'நியூட்ரிஷன்ஸ்' என்று எழுதுவது பிழை. பல சத்துகள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நியூட்ரியன்ட்ஸ்' என்றே வர வேண்டும். தொழில் செய்வோரைக் குறிக்கும் பெயர்களிலும் கவனம் தேவை. பிரிட்டனில், உணவுமுறை வகுத்துத் தரும் வல்லுநரைக் குறிக்கும் 'டயட்டீஷியன்' என்பது சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தத்தக்க பெயர். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்பதற்கு அத்தகைய சட்டக் காப்பு அங்கே இல்லை. நீரிழிவுக்கோ சிறுநீரக நோய்க்கோ உணவுமுறை கேட்கச் செல்லும்போது, எதிரிலிருப்பவரின் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் கேட்டுத் தெரிந்துகொள்வது எந்த நாட்டிலும் முறையானதே.

'நியூட்ரிஷியஸ்', 'நியூட்ரிஷனல்' என்னும் இரண்டு பெயரடைகளுக்கும் உள்ள வேறுபாடு கடையில் நேரடியாகப் பயன்படும். நியூட்ரிஷியஸ் என்றால் சத்து மிகுந்தது. அது ஒரு புகழுரை. நியூட்ரிஷனல் என்றால் ஊட்டம் தொடர்பானது என்பது மட்டுமே பொருள். நன்மை தீமை எதையும் அது சொல்வதில்லை. பொட்டலத்தின் முன்புறம் பெரிய எழுத்தில் முதற்சொல் இருந்தால் அது விற்பவரின் கூற்று. பின்புறம் 'நியூட்ரிஷனல் இன்ஃபர்மேஷன்' என்னும் தலைப்பில் உள்ள அட்டவணை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி அச்சிட வேண்டியது. அதில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சோடியம் முதலியவை பெரும்பாலும் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று இருக்கும். அன்றாடத் தேவையில் அது எத்தனை விழுக்காடு என்பதை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி ஆற்றல், 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகின்றனர்.

ஒரு பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 25 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையிலிருக்கும் பொட்டலத்தின் எடை 60 கிராம் என்றால், அதை முழுவதும் உண்பவர் 15 கிராம் சர்க்கரை உண்கிறார். அது அந்த 50 கிராம் கணக்கில் 30 விழுக்காடு. 'ஒரு பரிமாறல்' என்று பொட்டலத்தில் 15 கிராம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அதற்குரிய விழுக்காடு 7.5 என்றுதான் தெரியும். ஆதலால் முதலில் பரிமாறலின் அளவையும், பிறகு நாம் உண்மையில் உண்ணும் அளவையும் பார்த்துவிட்டே விழுக்காட்டைப் படிக்க வேண்டும். அட்டவணையில் உள்ள எண்கள் நியூட்ரியன்ட்களின் அளவைச் சொல்பவை. அதே பிஸ்கட்டைத் தேநீரோடு உண்பவருக்கு அதிலுள்ள இரும்பில் எவ்வளவு உடலில் சேரும் என்பது அந்த அட்டவணையில் இராது.